இயந்திரத்தின் ஆன்மாவும் உழைப்பவரின் பெயரும்

சங்கரன்கோவிலில் ஊர் உறங்கிய பின்னும் விசைத்தறிகள் உறங்குவதில்லை. நாடா இடமும் வலமும் ஓடும் அந்தத் தாளம் பங்கு இல்லத்தின் சன்னல் வழியே விடியும்வரை வந்துகொண்டேயிருக்கும். அதற்குப் பழகிவிட்ட நமக்கு, ஓசை நின்றால்தான் விழிப்பு வருகிறது. மின்சாரம் போயிற்றோ, நூல் விலை ஏறித் தறியை நிறுத்திவிட்டார்களோ என்ற கவலை அப்போது எழுகிறது.

அத்தகைய தறிக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பொறியியல் கற்று, சென்னையில் கணினிப் பணி செய்யும் இளைஞர் ஒருவர் நம் பங்கில் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர் ஊர் வந்திருந்தார். ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவருடைய தாயார் நம்மிடம் வந்து, "சாமி, அவன் உடம்புதான் இங்க இருக்கு; உசுரு அந்தப் பெட்டிக்குள்ள கெடக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கும் அதையே பாத்துக்கிட்டு இருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கண்கலங்கினார். இளைஞரை அழைத்துப் பேசினோம். அவர் வாதாடவில்லை. பழைய ஆங்கில நூல் ஒன்றை நம் கையில் கொடுத்து, "இதப் படிச்சுப் பாருங்க சாமி. நாங்க ஏன் இப்படி இருக்கோம்னு அம்மாவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுவீங்க" என்றார்.

ட்ரேசி கிடர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் எழுதி 1981-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி சோல் ஆஃப் எ நியூ மெஷின்' என்பதே அந்நூல். 'ஒரு புதிய இயந்திரத்தின் ஆன்மா' எனத் தமிழில் சொல்லலாம். அடுத்த ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 'ஆன்மா' என்ற சொல்லை அட்டையில் தாங்கி வரும் நூலை நம்மைப் போன்றவர் எளிதில் ஒதுக்கிவிட இயலாதன்றோ! தவக்காலம் முழுவதும் அதை இருமுறை படித்தோம். அதில் நாம் கண்ட நிறைவையும் குறையையும், அதையொட்டி நம் நாட்டைப் பற்றி எழுந்த ஒரு வருத்தத்தையும் வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை எளியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்பரோவில் டேட்டா ஜெனரல் என்ற கணினி நிறுவனம் இருந்தது. அதன் போட்டியாளரான டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1977-இல் வாக்ஸ் என்னும் 32 பிட் கணினியை வெளியிட்டது. டேட்டா ஜெனரலிடம் இருந்தவையோ 16 பிட் கணினிகள். இந்த வேறுபாட்டை நம் தெருவைக் கொண்டே விளக்கலாம். வீடுகளுக்குக் கதவு எண் இடுவதுபோல், கணினியும் தன் நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் இட்டு வைக்கிறது. பூச்சியமும் ஒன்றுமாக 16 இலக்கங்களில் அந்த எண்ணை எழுதினால் 65,536 வீடுகளுக்குமேல் எண் இட முடியாது. 32 இலக்கங்கள் கிடைத்தால் 429 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு எண் இடலாம். ஒரு சிற்றூருக்கும் பெருநாட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. பின்தங்கினால் சந்தையே போய்விடும் என்ற அச்சம் நிறுவனத்தைப் பற்றிக்கொண்டது.

நிறுவனம் தன் பெரிய எதிர்பார்ப்பை வட கரோலினாவில் அமைத்த வேறொரு குழுவின்மேல் வைத்திருந்தது. வெஸ்ட்பரோவின் அடித்தளத்தில் எஞ்சியிருந்தவர்களைக் கொண்டு டாம் வெஸ்ட் என்பவர் ஏறத்தாழ மறைமுகமாகவே மற்றொரு கணினியைத் தொடங்கினார். 'ஈகிள்' என்பது அதன் செல்லப்பெயர். கல்லூரியைவிட்டு அப்போதுதான் வெளிவந்த இளைஞர்களே அவருக்குக் கிடைத்தனர். பழைய கணினிக்கு எழுதிய நிரல்கள் அனைத்தும் புதியதிலும் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. பழைய ஆடையில் புதுத்துணி ஒட்டுப்போடும் வேலை அது. கிழியாமல் ஒட்ட வேண்டும் என்பதே அவர்களுக்கு வந்த சோதனை. 1978-இல் தொடங்கிய அந்த ஓட்டம் 1980 ஏப்ரலில் முடிந்தது. எக்லிப்ஸ் எம்வி/8000 என்ற பெயரில் அக்கணினி விற்பனைக்கு வந்தது.

கிடரின் பேராற்றல் அவருடைய பொறுமையில் இருக்கிறது. பல மாதங்கள் அந்த அடித்தளத்தில் அமர்ந்து, தமக்குத் தெரியாத ஒரு தொழிலை அதைச் செய்பவரின் கண்கொண்டே பார்க்கக் கற்றிருக்கிறார். மின்சுற்றில் ஒளிந்திருக்கும் சிறு பிழை ஒன்றை இரு பொறியாளர்கள் தேடிச் செல்லும் பகுதிகள், காணாமற்போன ஆட்டைத் தேடும் ஆயனின் கதையைப் போலவே நம்மை மூச்சடக்கிப் படிக்க வைக்கின்றன. இயந்திரத்தை வெறுப்பவர் அந்நூலைப் படித்தால் அதைச் செய்பவரை வெறுக்க மாட்டார். செயலரான ரோஸ்மேரி சீல் என்ற பெண்மணிக்கும் கிடர் உரிய இடம் தருகிறார். மேசை, நாற்காலி, கடிதம் எனப் பிறர் கண்ணில் படாத பணிகளையெல்லாம் சுமந்து அக்குழுவை நிலைநிறுத்தியவர் அவர்.

ஆயினும் நூலின் நடுப்பகுதியைக் கடக்கையில் நமக்கு ஒரு நெருடல் தோன்றியது. வேலைக்குச் சேரும் இளைஞரிடம், மாலைப் பொழுதையும் வீட்டையும் மறந்து உழைக்க இசைவா என்று முன்னரே கேட்கப்படுகிறது. அதற்கு இணங்குவதைக் 'கையெழுத்திடுதல்' என்று அவர்கள் அழைத்தனர். எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஊதியமும் இல்லை. வெற்றிக்குப் பரிசு, மீண்டும் ஓர் ஆட்டம் ஆடும் வாய்ப்பு மட்டுமே என்று வெஸ்ட் கருதினார். கிடர் இதை வியப்போடு பதிவு செய்கிறாரேயன்றி, ஊன்றி வினவவில்லை. தானாக முன்வந்து சுமக்கும் நுகத்துக்கும் எடை உண்டு என்பதை நம் தறிக்கூடங்கள் நன்கு அறியும். விடிவதற்குள் இன்னும் ஒரு சேலை என்று தறியைவிட்டு எழாதிருப்பவரையும் எவரும் கட்டிவைக்கவில்லையே!

அழுத்தம் தாளாமல் ஓர் இளைஞர் வேலையைத் துறக்கிறார். பருவங்களின் ஓட்டத்தையே கடிகாரமாகக் கொள்ளும் நாட்டுப்புற வாழ்வை நாடிப் போவதாக ஒரு குறிப்பை மட்டும் எழுதிவைத்துச் செல்கிறார். நூலில் நம்மை மிகவும் உலுக்கிய இடம் இதுவே. ஆனால் கிடர் அவரைத் தொடர்ந்து போகவில்லை. கதை இயந்திரத்தோடேயே நின்றுவிடுகிறது. ஓடியவர்களின் கதையில் நின்றுவிட்டவருக்கு ஒரு பத்திதான் கிடைக்கும் போலும்.

தம் பொறியாளர்களைக் கிடர் இடைக்காலப் பேராலயங்களைக் கட்டிய கற்றச்சர்களோடு ஒப்பிடுகிறார். ரஸ்கின் என்ற ஆங்கிலத் திறனாய்வாளரின் கருத்தை நினைவூட்டி, ஆலயம் எழுப்பியவருக்குக் கிடைத்த வாழ்வின் பொருளையே இவர்களும் தேடினர் என்கிறார். அழகிய ஒப்புமைதான், ஆனால் பாதிதான் பொருந்துகிறது என்பது நம் கருத்து. ஆலயத் தச்சர் தம் கைவேலை எதற்காக என்பதை அறிந்திருந்தார். ஞாயிறும் திருநாளும் வந்தால் உளியைக் கீழே வைத்தார். கட்டி முடிக்க நூறாண்டு ஆயினும், தம் வாழ்நாளுக்குள் முடிக்க வேண்டுமென்று எவரும் அவரை விரட்டவில்லை. ஈகிள் குழுவிலோ, இந்தக் கணினியைக் கொண்டு மனிதர் எதைச் செய்வர் என்ற கேள்வி ஏறத்தாழ எழவேயில்லை.

விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தை இவ்விடத்தில் நினைக்கிறோம். சந்திப்புக் கூடாரத்தைச் செய்வதற்கென்று பெட்சலேல் என்ற கைவினைஞரை இறைவன் பெயர் சொல்லி அழைக்கிறார். கலைத்திறனுக்காக அவரைத் தம் ஆவியால் நிரப்புகிறார். செய்ய வேண்டிய பொருள்களின் பட்டியல் முடிந்தவுடன் வருவது எது? ஓய்வுநாள் கட்டளை! கடவுளின் உறைவிடத்தைச் செய்யும் வேலையாயினும் ஏழாம் நாளில் நிறுத்தப்பட வேண்டும். முதலில் தொழிலாளியின் பெயர், பிறகு அவர் செய்யும் பொருள், உடனே அவருக்குரிய ஓய்வு என்ற இவ்வரிசை தற்செயலானதன்று.

நூல் வெளிவந்த அதே 1981-இல், செப்டம்பர் 14-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 'லாபோரெம் எக்சேர்சென்ஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். மனித உழைப்பைப் பற்றியது அது. உழைப்புக்கு இரு பக்கங்கள் உண்டென்று அம்மடல் கற்பிக்கிறது. செய்யப்படும் பொருளும் கருவியும் நுட்பமும் ஒரு பக்கம். செய்யும் மனிதர் மறுபக்கம். உழைப்பின் மதிப்பு செய்யப்பட்ட பொருளைவிடச் செய்பவரிடமிருந்தே முதன்மையாகப் பிறக்கிறது என்பது அதன் சாரம். கிடரின் நூலையும் இம்மடலையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, ஒன்று எழுப்பும் கேள்விக்கு மற்றது விடை கூறுவது போலத் தோன்றும்.

இனி நம் வருத்தத்துக்கு வருகிறோம். இத்தகைய ஓட்டம் அமெரிக்காவில் மட்டும் நடந்ததன்று. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் ஒன்று நடந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர்.

ரங்கசாமி நரசிம்மன் 1926-இல் சென்னையில் பிறந்தவர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் கற்று, அமெரிக்கா சென்று கால்டெக் நிறுவனத்தில் முதுகலையும் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1954-இல் தாயகம் திரும்பி, மும்பையில் ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கணினி என்பதை இந்தியர் பெரும்பாலோர் கண்டிராத காலம் அது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம் இங்கிலாந்திலிருந்து ஒரு கணினியை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. மும்பைக் குழுவோ தானே ஒன்றைக் கட்டத் துணிந்தது. அதற்குமுன் கணினி கட்டியறியாத இளைஞர் சிலரே அக்குழு. பிரின்ஸ்டனில் ஃபான் நாய்மன் வகுத்த கணினி அமைப்பு அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

முதலில் ஒரு சிறிய சோதனைக் கணினியை அவர்கள் செய்தனர். 1956-இல் அது இயங்கிற்று. முழு அளவுக் கணினியின் வேலை 1957-இல் தொடங்கி 1960-இல் நிறைவேறியது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 மின்தடைகள் அதில் இருந்தன. 1962-இல் நேரு அந்நிறுவனத்தின் புதிய கட்டடங்களைத் திறந்துவைத்த காலத்தில் அதற்கு டிஃப்ராக் என்று பெயரிடப்பட்டது. இந்தியர் தாமே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய மின்னணுக் கணினி அதுவே.

அதன் நினைவகத்தைப் பற்றி நெசவாளர் ஊரில் இருந்துகொண்டு சொல்லாமலிருக்க முடியவில்லை. கடுகளவு காந்த வளையங்கள் பல்லாயிரம். நெடுக்கும் குறுக்குமாக அவற்றினூடே செல்லும் மெல்லிய கம்பிகள். பாவும் ஊடையும் போலவே இருக்கும். இரு கம்பிகள் சந்திக்கும் வளையம் காந்தமேறும் திசையைக் கொண்டு பூச்சியமோ ஒன்றோ நினைவில் நிற்கும். டிஃப்ராக்கின் நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்களை உடையது; பிட்டுக்கு ஒரு வளையம் எனக் கணக்கிட்டால் 81,920 வளையங்கள் ஆகின்றன. அக்காலத்தில் அமெரிக்கத் தொழிற்கூடங்களில் இவ்வளையங்களைப் பெரும்பாலும் பெண்களே பூக்கோப்பது போலக் கையால் கோத்தனர். கணினியின் வரலாறு எழுதியவர்களுள் எத்தனை பேர் அந்த விரல்களை நினைத்தார்கள்?

டிஃப்ராக் குழுவும் காலத்தோடு ஓடிய குழுவே. ஆனால் அவர்கள் கட்டிக்கொண்டிருக்கையிலேயே உலகம் வெற்றிடக் குழலைக் கைவிட்டு டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. 1964-இல் அந்நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 என்ற பெருங்கணினி வந்தது; டிஃப்ராக்கின் பணி முடிந்தது. கட்டிய காலமும் உழைத்த காலமும் ஏறத்தாழச் சமம். சந்தையின் அளவுகோலைக் கொண்டு பார்ப்பவர் இதைத் தோல்வி என்பார்.

நாம் அவ்வாறு கருதவில்லை. இயந்திரம் போயிற்று, அதைக் கட்டியதால் உருவான மனிதர் நின்றனர். நரசிம்மன் 1965-இல் தொடங்கிய இந்தியக் கணினிக் கழகத்தின் முதல் தலைவரானார். பின்னர், வடிவங்களை இயந்திரம் எப்படி அடையாளம் காணும், மொழி மனிதருள் எப்படி வளர்கிறது என்ற ஆழ்ந்த வினாக்களை நோக்கிச் சென்றார். 1977-இல் பத்மஸ்ரீ பெற்று, 2007-இல் மறைந்தார். அவருடைய குழுவில் வேர்விட்ட கல்வி இந்நாட்டின் பல நிறுவனங்களில் கிளைவிட்டது. வென்றவர்களின் முடிவையும் பாருங்கள். வாக்ஸ் செய்த டிஜிட்டல் நிறுவனம் 1998-இலும், ஈகிள் செய்த டேட்டா ஜெனரல் 1999-இலும் பிற நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. ஓடிய இருவரும் இன்று இல்லை. டாம் வெஸ்ட் 2011-இல் காலமானார். அவ்வளவு பரபரப்புடன் காத்த நாள்கெடு எதற்காக என்று கேட்க இன்று எவரும் இல்லை.

ஆனால் ஈகிள் குழுவுக்கு ஒரு கிடர் கிடைத்தார். டிஃப்ராக் குழுவுக்குக் கிடைக்கவில்லை. நரசிம்மன் 1999-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு தன்வரலாற்றுக் கட்டுரை எழுதினார். தொழில்நுட்பப் பதிவுகளும் உள்ளன. அந்த இரவுகளின் கதையைச் சொல்லும் இலக்கியம் தமிழில் நாம் கண்டதில்லை. பொறியாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய சுஜாதா கணினியைத் தமிழனுக்கு விளக்கினார். 'என் இனிய இயந்திரா' போன்ற கற்பனைகளையும் தந்தார். அந்த நன்றியை மறவோம். ஆயினும், கணினி கட்டுவோரின் வியர்வை நம் உரைநடைக்குள் இன்னும் நுழையவில்லை. 1988-இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் மூன்றே ஆண்டுகளில் பரம் 8000 என்னும் மீக்கணினியை உருவாக்கியபோதும், 'நாடு வென்றது' என்றே எழுதினோம். நாடு வெல்கையில் யாருடைய வீட்டில் விளக்கு அணையாமல் எரிந்தது என்று எழுதவில்லை. உழவரையும் நெசவாளரையும் பாட அறிந்த மொழிக்கு இது ஒரு கடன் அன்றோ?

அத்தகைய நூலை எழுத வருபவர் கிடரிடம் பொறுமையைக் கற்கட்டும். அவர் கேட்காமல் விட்ட கேள்விகளையும் கேட்கட்டும். கிடரும் அங்கேயே நின்றுவிடவில்லை என்பது ஆறுதல் தருகிறது. 2003-இல் அவர் எழுதிய 'மவுண்டன்ஸ் பியாண்ட் மவுண்டன்ஸ்' ஹெய்ட்டியின் ஏழைகளுக்கு மருத்துவம் செய்த பால் ஃபார்மரைப் பற்றியது. விடுதலை இறையியலால் ஈர்க்கப்பட்ட கத்தோலிக்கர் அம்மருத்துவர். உழைப்பு யாருக்காக என்ற கேள்வி அந்நூலில் தெளிவாகவே ஒலிக்கிறது.

'புதிய இயந்திரத்தின் ஆன்மா'வின் இறுதியில், விற்பனைக்காரர் ஒருவர் மனிதரை இயக்குவது தன்முனைப்பும் பணமும்தான் என்கிறார். கணினி இனி அதைச் செய்தவர்களுடையதன்று என்ற உணர்வோடு நூல் முடிகிறது. தலைப்பிலுள்ள ஆன்மா யாருடையது என்று அதுவரை தேடிய நமக்கு அங்கே விடை கிடைத்தது. இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை. அதைச் செய்தவர்கள் தங்களுடையதைச் சிறிது சிறிதாக அதற்கு ஈந்தார்கள். ஈவது தவறன்று, அன்பும் அப்படித்தான் ஈகிறது. பெறுவது யார், திரும்பி வர ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பவையே கேட்க வேண்டியவை.

பாஸ்கா விழாவுக்கு இளைஞர் வந்தபோது நூலைத் திருப்பிக் கொடுத்தோம். "அம்மாகிட்ட என்ன சொன்னீங்க சாமி?" என்றார். அவருடைய வேலையில் அழகு உண்டு என்பதையும், அந்த அழகும் ஞாயிற்றுக்கிழமை ஓய வேண்டும் என்பதையும் சொன்னதாகக் கூறினோம். பிறகு, அவரோடு இரவில் உழைப்பவர்களைத் திருப்பலியில் நினைக்க விரும்பி, பெயர்களைக் கேட்டோம். நூலின் கடைசி வெற்றுத்தாளில் பதினொரு பெயர்களை விரைவாக எழுதினார். பன்னிரண்டாவதாக, நள்ளிரவில் தேநீர் கொண்டுவரும் பெரியவரை எழுத முனைந்து பேனாவை நிறுத்தினார். இரண்டாண்டுகளாகத் தினமும் பார்க்கும் அவருடைய பெயர் இவருக்குத் தெரியவில்லை.

சென்னை திரும்பிய மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்து அப்பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டோம். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.